முள்ளை நம்புவதற்கு முன்

சென்ற வாரம் நான் இட்ட ஒரு படத்தின் கீழ் நண்பர்கள் சிலர் கேட்டிருந்த கேள்விக்கு விடையாக இதை எழுதுகிறேன். தாராவி 60 அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில், பட்டறை வாசலில் கழற்றி வைக்கப்பட்டிருந்த ஒரு காரின் டேஷ்போர்டு அந்தப் படத்தில் இருந்தது. ஐந்து வட்ட மானிகள், பின்புறம் தொங்கும் கம்பிகள், அருகே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அடுப்பின் மேல் கொதிக்கும் நீர். "விளையாட்டுக் கார் வைத்திருக்கும் செல்வந்தரின் பொழுதுபோக்குக்கும் உங்கள் ஆய்வுக்கும் என்ன தொடர்பு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்த மானிகளின் கதையும், இம்மாநகரில் நாள்தோறும் டாக்சியில் ஏறி இறங்கும் எளிய மனிதரின் கதையும் ஒன்றே என்பது என் துணிபு. அதை நிறுவ முயல்கிறேன்.

முதலில் வண்டி. அது அசல் அன்று. 1960களின் பிரித்தானிய இரட்டை இருக்கை விளையாட்டுக் கார் ஒன்றின் தோற்றத்தில், அண்மைக்காலத்தில் கட்டப்பட்ட போலி வடிவம். உடல் கண்ணாடியிழை, எஞ்சின் ஒரு நிறுவனத்தினது, கியர்பெட்டி இன்னொன்றினது, மானிகள் பழைய தோற்றத்துக்காகத் தனியே வாங்கப்பட்டவை. எரிபொருள் மானி நம்பத்தக்கதாக இல்லை என்று உரிமையாளர் மும்முறை அதை மாற்றியிருக்கிறார். மூன்றாவதும் பொய் சொன்னது. நான்காவதை வாங்குவதற்கு முன் யாரோ சொல்லி இந்தப் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பட்டறைக்காரர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. அண்ணாச்சி என்றே நான் அழைப்பேன். கம்பிகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "மூணு மீட்டர் மாத்தியிருக்காங்க தம்பி. ஒருத்தராவது டேங்குக்குள்ள இருக்கிறது என்ன சொல்லுதுன்னு கேக்கலை."

எரிபொருள் மானி தானாக எதையும் அறியாது. தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது ஒரு மின்தடை மாறுகிறது. அந்தத் தடையின் அளவை முள்ளின் நிலையாக மானி மொழிபெயர்க்கிறது. இம்மொழி எல்லா வண்டிகளுக்கும் பொது அன்று. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் நெடுங்காலம் வெற்றுத் தொட்டிக்கு 0 ஓம், நிறைந்த தொட்டிக்கு 90 ஓம். ஐரோப்பிய மானிகள் பலவற்றில் வெற்றுக்கு 10, நிறைவுக்கு 180. தனியே விற்கப்படும் அமெரிக்க மானிகள் சிலவற்றில் முறையே தலைகீழ்: வெற்றுக்கு 240, நிறைவுக்கு 33. இந்த மூன்றாம் வகை மிதவையை இரண்டாம் வகை மானியோடு இணைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பெட்ரோல் குறையக் குறைய முள் மேலே ஏறும். தொட்டி முற்றும் வறண்டு வண்டி நிற்கும் நேரத்தில் 'நிறைவு' என்று காட்டும். மானியிலும் பழுதில்லை, மிதவையிலும் பழுதில்லை. இருவரும் இரு மொழி பேசுகிறார்கள், அவ்வளவே.

அந்த வண்டியில் வேறொரு குறையும் இருந்தது. இரும்பு உடல் கொண்ட காரில் உடலே மின்சுற்றின் மறுமுனை. 'எர்த்து' என்று பட்டறைகளில் சொல்வார்கள். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு மானிக்கும் மிதவைக்கும் தனிக்கம்பி இழுத்து மின்கலத்தோடு சேர்க்க வேண்டும். அந்த இணைப்பு துருப்பிடித்தால் அங்கே ஒரு தடை கூடிவிடும். 0 முதல் 90 வரையுள்ள முறையில் 20 ஓம் கூடினால், வெற்றுத் தொட்டி ஏறத்தாழ கால் தொட்டியாகத் தெரியும். பழைய பிரித்தானிய வகை மானிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. அவற்றின் முள்ளை அசைப்பது சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டை. அதற்குச் சராசரி 10 வோல்ட் அளவில் சீரான மின்னழுத்தத்தை ஒரு சிறு சீராக்கி அளிக்கிறது. அச்சீராக்கியின் எர்த்து விட்டுப்போனால் எரிபொருள் மானியும் வெப்ப மானியும் ஒருசேர மிகைபடக் காட்டும். இரண்டு முட்கள் ஒரே நேரத்தில் ஒரே திசையில் தவறினால் இரண்டு மானிகளையும் ஐயுறாதே, இரண்டுக்கும் பொதுவானதை ஐயுறு என்பது அண்ணாச்சி கற்பித்த பாடம். முறையியல் வகுப்புகளில் நான் படித்த எதற்கும் இது குறைந்ததன்று.

அடுப்பும் கொதிநீரும் எதற்கென்று கேட்டிருந்தீர்கள். மும்பை கடல் மட்டத்தில் இருக்கிறது; இங்கே தூய நீர் 100 பாகையில் கொதிக்கும். அதில் வெப்ப உணரியை இறக்கி, முள் எங்கே நிற்கிறதோ அங்கே 100 என்று குறித்துக்கொள்ளலாம். நீர் ஆற ஆற, ஒரு கண்ணாடி வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து 80, 60 என்று குறிக்கலாம். உதகையில் இதைச் செய்தால் நீர் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும், குறி பிழைபடும். எரிபொருள் மானிக்கு அடுப்பும் வேண்டாம். தொட்டியை வறளவிட்டு, ஐந்து லிட்டர் அளவை கொண்டு ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள்ளின் இடத்தைப் பதிந்துகொண்டால் போதும். எண்ணெய் அழுத்தத்துக்கு, ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட இயந்திர அழுத்தமானி ஒன்றை அதே துளையில் பொருத்தி ஒப்பிடலாம். வேகமானிக்குச் செயற்கைக்கோள் வழிகாட்டி இன்று ஒவ்வொரு கைபேசியிலும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பொதுவான நெறி ஒன்று உண்டு: மானியை மானியைக் கொண்டு சோதிக்க இயலாது, அதற்குப் புறத்தே நிற்கும், அதனைச் சாராத ஒரு சான்று வேண்டும். மாற்றுதல் ஒரு வேலை. அளவுத்திருத்தம் வேறொரு வேலை. புதிய மானியை வாங்கிப் பொருத்துபவர் பழைய ஐயத்தின் இடத்தில் ஒரு புதிய ஐயத்தைப் பொருத்துகிறார்.

இனி டாக்சிக்கு வருகிறேன்.

'டாக்சி' என்ற சொல்லே ஒரு மானியிலிருந்து வந்தது. 1891இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் புரூன் உருவாக்கிய டாக்சிமீட்டர் என்ற கட்டணமானியின் பெயரை வண்டி பெற்றது. அறிமுகமற்ற இருவர் பேரம் பேசாமல் பயணம் செய்ய ஒரு கருவி வழிசெய்தது. அதன் சொல்லை இருவரும் ஏற்பதே அத்தொழிலின் அடித்தளம். மும்பையின் கருப்பு மஞ்சள் வண்டிகளில் அக்கருவி நெடுங்காலம் காரின் வெளியே, இடப்பக்க முன்புறத்தில், பித்தளைக் கொடியோடு நின்றது. குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் ஃபியட் உரிமத்தோடு பிறந்து, 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்ற அந்த வண்டியை, ஆலைக்கு அண்டையில் இருந்த தாராவியும் குர்லாவும் மாதுங்காவும் தத்தம் பட்டறைகளில் அரை நூற்றாண்டு உயிரோடு வைத்திருந்தன. மும்பையில் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. 20 ஆண்டு வரம்பின்படி 2023 அக்டோபர் 30 முதல் அவ்வினம் தெருவை விட்டு அகன்றது. அன்று எழுதப்பட்ட இரங்கல் கட்டுரைகள் வண்டியைப் பற்றியே பேசின. அதன் மானியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

பழைய மானி முழுதும் இயந்திரம். கியர்பெட்டியிலிருந்து சுழலும் கம்பிவடம் பற்சக்கரங்களைத் திருப்பி எண்ணை நகர்த்தும். கட்டணம் உயரும்போதெல்லாம் பல்லாயிரம் மானிகளின் பற்சக்கரங்களை மாற்றுவது இயலாத செயல். ஆகவே மானியின் எண்ணை அப்படியே விட்டு, இந்த எண்ணுக்கு இவ்வளவு ரூபாய் என்ற கட்டண அட்டை ஒன்றை அச்சிட்டார்கள். மும்பையில் வளர்ந்த தலைமுறை ஒன்றுக்கு அந்த அட்டை மனப்பாடம்; வெளியூரிலிருந்து வந்திறங்கியவருக்கோ அது புதிர். போலி அட்டைகளும் உலவின. 2012, 2013 ஆண்டுகளில் மின்னணு மானிகள் கட்டாயமாயின. எண்ணும் ரூபாயும் ஒன்றாயின. ஐயம் ஒழிந்தது என்றார்கள்.

ஒழியவில்லை என்பதை மும்பைவாசிகள் அறிவார்கள். மின்னணு மானிக்கும் கியர்பெட்டியிலிருந்து, அல்லது சக்கரத்திலிருந்து, துடிப்புகள் வருகின்றன; இத்தனை துடிப்புக்கு ஒரு கிலோமீட்டர் என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். அந்த எண்ணை மாற்றினால் தூரம் மாறும். தீய எண்ணம் எதுவும் இல்லாமலும் மாறும். ஒரு சக்கரத்தின் ஆரம் 300 மில்லிமீட்டர் என்று கொள்வோம். டயர் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் ஆரம் நூற்றுக்கு இரண்டு குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் நூற்றுக்கு இரண்டு கூடுதலாகச் சுழலும். 10 கிலோமீட்டர் பயணம் மானியில் 10.2 ஆகும். 2025 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணத்தின்படி டாக்சிக்குக் கிலோமீட்டர் 20 ரூபாய் 66 காசு. ஆக, ஏறக்குறைய 4 ரூபாய் மிகும். ஓட்டுநர் கையை வைக்கவில்லை, டயர் தேய்ந்தது. பயணி இதை அறிய வழியில்லாததால், தேய்ந்த டயரும் திருட்டு ஓட்டுநரும் அவர் கண்ணுக்கு ஒன்றே.

அந்தக் கட்டண உயர்வில் டாக்சியின் குறைந்த கட்டணம் 28 ரூபாயிலிருந்து 31 ஆனது. ஆட்டோவினது 23இலிருந்து 26. ஒவ்வொரு உயர்வின் போதும் நகரின் எல்லா மானிகளும் மீண்டும் அளவுத்திருத்தம் பெற்றாக வேண்டும். ஓட்டுநர் மானியைக் கழற்றி, நிரலை மாற்றும் இடத்தில் பணம் கட்டி, பிறகு சோதனைக்குக் காத்திருந்து, முத்திரை பெற்று, மீண்டும் பொருத்த வேண்டும். அதற்குள் கட்டண அட்டை திரும்பவும் வந்துவிடுகிறது. இம்முறை ஒரு கியூஆர் குறியோடு. அந்த இடைக்காலத்தில் ஓட்டுநர் இழப்பது ஒரு நாள் வருவாயை. பயணி இழப்பது நம்பிக்கையை.

இங்கேதான் என் மறுப்பு. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009, அதன் 23ஆம் பிரிவில், உரிமமின்றி எடை அளவுக் கருவிகளைத் தயாரிக்கவோ பழுதுபார்க்கவோ விற்கவோ கூடாது என்கிறது. நோக்கம் சரியானது, கட்டணமானி என்பது ஒரு துலாக்கோல், அதை யாரும் கண்டபடி திறக்கக் கூடாது. ஆனால் நடைமுறையில் இந்த நெறி, மானியை உள்ளும் புறமும் அறிந்த சிறு பட்டறைக்காரரை முதல் குற்றவாளியாக நிறுத்திவிட்டது. அவரிடம் திறன் இருக்கிறது. உரிமத்துக்குரிய இடமும் ஆவணமும் கருவியும் இல்லை. உரிமம் உள்ள இடங்களில் மானியைப் பழுதுபார்ப்பதை விட மாற்றுவதே எளிதும் ஆதாயமும் ஆகிவிட்டது. நான் மேலே சொன்ன உரிமையாளர் மூன்று மானிகளை மாற்றியது போல, நகரமும் மானிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறது. மிதவை என்ன சொல்கிறது என்று கேட்பவர் இல்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை நான் எளிதாகத் தள்ளவில்லை. மானியை வேகமாக ஓடவைக்கும் கைவரிசையும் இதே சிறு பட்டறைகளில்தானே நடக்கிறது என்பார்கள். நடக்கிறது. திறன் இருக்கும் இடத்தில் அதன் தவறான பயனும் இருக்கும். பூட்டுத் தொழிலாளிக்குத் திருடத் தெரியும் என்பதால் பூட்டுத் தொழிலை யாரும் ஒழிப்பதில்லை. ஒளிந்து வேலை செய்பவரைக் கண்காணிக்க இயலாது. பெயர்ப்பலகையோடு வேலை செய்பவரை இயலும். அரசு ஏற்பு பெற்ற சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2013இலேயே வந்துவிட்டன. சரிபார்ப்பு என்பது முழுக்க முழுக்க அரசு ஊழியரின் கையாலேயே நடக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டைச் சட்டமே தளர்த்திவிட்டது என்று பொருள். அந்த வாயில் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் ஏன் திறக்க வேண்டும்? பத்துப் பட்டறைக்காரர்கள் கூடி ஒரு கூட்டுறவு அமைத்து, ஒரு சோதனை மேடையையும் முத்திரையிட்ட ஒப்பீட்டுக் கருவிகளையும் பொதுவில் வைத்து, பயிற்சியும் தணிக்கையும் ஏற்று, உரிமம் பெற வழி செய்யலாம். தவறு செய்தவரின் உரிமம் பறிபோகும் என்ற அச்சம், உரிமம் உள்ளவருக்குத்தான் உண்டாகும்.

இரண்டாவது வேண்டுகோள் இன்னும் எளியது. தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளம் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லை அளக்கும்போது 'ஆடவல்லான்' என்னும் மரக்காலைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. அளவின் மூலச்சான்று அதிகாரியின் பெட்டிக்குள் இராமல், யாரும் வந்து தம் கோலை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பொதுச்சுவரில் இருந்தது. நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை சொன்ன மரபு, அந்தக் கோல் எல்லோர் கண்முன்னும் தூக்கப்பட வேண்டும் என்பதையும் அறிந்திருந்தது. மும்பையின் பெருஞ்சாலைகள் சிலவற்றில், துல்லியமாக அளந்து குறிக்கப்பட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்தைத் தொடக்கமும் முடிவும் தெரிய வண்ணமிட்டு வைக்க என்ன செலவாகும்? சயான் பாலத்துக்கு அப்பால் ஒன்று, செம்பூரில் ஒன்று. ஓட்டுநரும் பயணியும் ஒரே நேரத்தில் மானியைப் பார்த்து, அந்த இடத்திலேயே தெளிவு பெறலாம். நேர்மையான ஓட்டுநருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை.

"இதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லாம் செயலியில்தானே" என்று இளைய நண்பர்கள் சொல்லக்கூடும். செயலி வாடகை வண்டியில் மானி மறைந்துவிட்டது, கட்டணம் மறையவில்லை. நடுவண் அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கு வரை வாங்க இசைவளிக்கின்றன. எந்தத் துடிப்பு எப்போது எந்த அளவுக்குப் பெருக்கப்பட்டது என்பதை ஓட்டுநரும் அறியார், பயணியும் அறியார். பழைய இயந்திர மானியை ஒரு பட்டறைக்காரர் திறந்து பார்க்க முடிந்தது. முத்திரை உடைந்ததா என்று ஒரு காவலர் பார்க்க முடிந்தது. புதிய மானிக்கு முத்திரையிடும் இடமே இல்லை. ஆகவே திறந்து பார்க்கும் உரிமை பற்றிய இந்த வழக்கு முடிந்துபோனதன்று, இப்போதுதான் தொடங்குகிறது.

தாராவியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் முடிக்க இயலவில்லை. மறுசீரமைப்புத் திட்டம் 2022இல் ஏலம் போனது. அதன்பின் அளவெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர் யார், அவர் இடம் எத்தனை சதுர அடி என்று கணக்கெடுக்கிறார்கள். அண்ணாச்சியின் பட்டறையும் அளக்கப்படும். அதன் நீளமும் அகலமும் பதிவாகும். அடுப்பின் மேல் கொதிக்கும் நீரில் உணரியை இறக்கி, பத்து நிமிடத்தில் ஒரு மானியின் பொய்யைக் கண்டுபிடிக்கும் அறிவுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அவர் வேறிடம் பெயர்க்கப்படலாம். அவரோடு அண்டையில் இருந்த வடம் செய்பவரும், முகப்புத் தாளுக்கு எழுத்து அச்சிடுபவரும், பற்சக்கரம் கடைபவரும் வெவ்வேறு திசைகளில் சிதறலாம். இத்தொழில் ஒருவர் கையில் இல்லை. நான்கு சந்துகளுக்குள் நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. அத்தொலைவு கூடினால் தொழில் இல்லை. அளப்பவரின் நாடாவை யார் சரிபார்ப்பது என்று கேட்கும் உரிமை, அளக்கப்படுபவருக்கு உண்டு. டாக்சிப் பயணிக்கு நான் கேட்கும் அதே உரிமைதான் இது.

அந்தக் காரின் கதையைக் கேட்பவர்களுக்கு: மிதவையும் மானியும் வெவ்வேறு வகை என்று தெரிந்ததும், மானியின் வகைக்குப் பொருந்தும் மிதவை ஒன்று குர்லாவின் பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்தது. ஒவ்வொரு மானிக்கும் தனி எர்த்துக் கம்பி இழுக்கப்பட்டது. பிறகு ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, முள்ளின் இடங்களை ஒரு சிறு அட்டையில் அண்ணாச்சி எழுதினார். வேகமானியின் முள் மட்டும் உண்மையை விடச் சற்று மிகுதியாகவே காட்டியது. அதை அவர் திருத்தவில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் 39ஆம் வாகன ஒழுங்குமுறை, வேகமானி உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்றும், நூற்றுக்குப் பத்தும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை மிகலாம் என்றும் சொல்கிறது. அவ்விதியை அண்ணாச்சி படித்ததில்லை. "கூடக் காட்டினா ஆளு மெதுவாப் போவான், கொறச்சுக் காட்டினா போய்ச் சேந்துருவான்" என்றார். ஜெனீவாவின் நிபுணர்கள் வந்தடைந்த முடிவும் அதுவே.

உரிமையாளர் வந்தபோது அந்த அட்டையை அண்ணாச்சி அவர் கையில் கொடுத்தார். "என்னையும் நம்பாதீங்க சார். அடுத்த தடவை பெட்ரோல் போடும்போது நீங்களே ஒத்துப் பாத்துக்குங்க" என்றார். உரிமம் வழங்கும் அலுவலகம் எதுவும் இதுவரை அவரிடம் இந்தத் தகுதியைக் கேட்டதில்லை. கேட்கத் தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.